தொண்டும் கணக்கும்

பொதுவாழ்வில் நாணயம் என்றவுடன் நம் மக்களின் நாவில் முதலில் வரும் பெயர் கக்கன். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்தவர். அரசியல் நிர்ணய சபையிலும் நாடாளுமன்றத்திலும் இடம்பெற்றவர். 1957 முதல் 1967 வரை அமைச்சராக இருந்து பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை முதலியவற்றை நிர்வகித்தவர். அத்தகையவர் முதுமையில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளிகளுள் ஒருவராகக் கிடந்தார் என்னும் செய்தி சொல்லப்படாத மேடை தென்மாவட்டங்களில் இல்லை. 1981 டிசம்பரில் அவர் மறைந்தார். அப்பெருமகனாரின் தூய்மையைப் போற்றுவதில் நாம் எவர்க்கும் பின்னடைந்தவரல்லோம். ஆனால் அக்கதையைச் சொல்லிக் கைதட்டல் பெறுகிறவர்களுட் சிலர், தம் சங்கத்தின் வரவு செலவுப் புத்தகத்தை யாரேனும் கேட்டால் முகம் கடுப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். தனி மனிதரின் கைச்சுத்தத்தைப் பாடிய அளவுக்கு, தொண்டு நிறுவனங்களின் நேர்மை எதில் அடங்கியிருக்கிறது என்பதனை நம்மவர் ஆராயவில்லை. கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழா மலரில் அதனை ஆராய்வது பொருந்தும் என எண்ணுகிறோம்.

இராசசிங்கமங்கலத்தார்க்கு இதனை விளங்கவைக்க நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று நம் பெரிய கண்மாயைப் பற்றிச் சிறுபிள்ளையும் சொல்லும். கண்மாயைக் கண்ட பாண்டியனின் பெயரை ஊரே தாங்கி நிற்கிறது. மடை திறந்து நீர் பகிர்ந்தவர்களின் பெயர்களோ எங்கும் எழுதப்படவில்லை. மடைக்குடும்பன் என்றும் நீர்பாய்ச்சி என்றும் இப்பக்கத்துக் கண்மாய்கள் பலவற்றில் அவ்வேலையைப் பார்த்தவர் நம் முன்னோர். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதில் ஓரவஞ்சனை செய்யமாட்டார்கள் என்று நம்பித்தான் ஊரார் அப்பொறுப்பை அவர்களிடம் விட்டனர். ஆனால் கண்மாயைப் பற்றி முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை. உழைப்புக்கு நம்பலாம், நிர்வாகத்துக்கு நம்பலாகாது என்னும் இந்த ஏற்பாடு கண்மாயோடு நின்றுவிடவில்லை. நம் பெயரால் நடந்த சமூகத் தொண்டிலும் புகுந்தது. அந்த வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகிறோம்.

1921ஆம் ஆண்டில் திலகர் சுயராஜ்ய நிதி என்ற பெயரில் காங்கிரசு மகாசபை நாடெங்கும் பணம் திரட்டியது. ஒரு கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. 1922 பிப்ரவரியில் பர்தோலியில் வகுக்கப்பட்ட நிர்மாணத் திட்டத்தில் தீண்டாமை ஒழிப்பும் ஓர் அங்கம். அதன் பொருட்டு அமைந்த குழுவில் சுவாமி சிரத்தானந்தர் இருந்தார். அவர் 5 இலட்சம் ரூபாய் ஒதுக்கவேண்டுமென்றார். அது 2 இலட்சமாகச் சுருங்கிற்று. பின்னர் அந்த 2 இலட்சமும் உறுதியற்றதாயிற்று. சுவாமிகள் குழுவிலிருந்து விலகினார்.

இவற்றையெல்லாம் பின்னாளில் ஒருவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். அவர் டாக்டர் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியாரும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று வினவும் தலைப்பில் 1945இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அதில் வசைமொழியைக் காட்டிலும் கணக்கே மிகுதி. 1921 முதல் 1923 வரை அந்நிதியிலிருந்து வழங்கப்பட்ட சுமார் 49½ இலட்சம் ரூபாயில், தீண்டப்படாதார்க்கெனச் சென்றவற்றை வரிவரியாகப் பிரித்து எழுதுகிறார்: இராஜமுந்திரிக்கு 1,000; அகமதாபாத்து அந்தியஜ காரியாலயத்திற்கு முதலில் 5,000, பிறகு 17,381; ஆந்திரத்திற்கு 7,000; சமூக மாநாட்டிற்கு 3,000; தமிழ்நாட்டுக் காங்கிரசுக் கமிட்டிக்கு 10,000. கூட்டுத்தொகை ரூ. 43,381. நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் கூட வரவில்லை. நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விழுக்காட்டுக் கணக்குச் சொல்லித்தரும்போது இதனையே எடுத்துக்காட்டாகத் தருவது நம் வழக்கம். பிள்ளைகள் கணக்கையும் மறப்பதில்லை, வரலாற்றையும் மறப்பதில்லை.

இப்பணத்தை எவரும் திருடிவிட்டதாக அம்பேத்கர் சொல்லவில்லை. பணம் கணக்கில் இருக்கிறது, இரசீதும் இருந்திருக்கும். எதைச் செய்வோம் என்று உலகறியச் சொன்னார்களோ அதற்கு அது போகவில்லை என்பதே குற்றச்சாட்டு. இரசீது சரியாக இருந்தும் நேர்மை குறைவுபடலாம் என்று அந்நூல் காட்டுகிறது.

தமிழ்நாட்டில் அதே காலத்தில் வேறொரு தொகையைக் குறித்து வழக்கெழுந்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்திற்குத் தமிழ்நாடு காங்கிரசு 10,000 ரூபாய் தர இசைந்து, 5,000 கொடுத்திருந்தது. தேசியக் கல்வி என்ற பெயரில் பொதுமக்களிடம் பெற்ற பணம் அது. அங்குப் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி நடப்பது தெரியவந்ததும், செயலாளராயிருந்த பெரியார் ஈ.வெ.ரா. எஞ்சிய தொகையைத் தர மறுத்தார். மற்றொரு செயலாளர் வழியாக அத்தொகை தமக்குத் தெரியாமலே பெறப்பட்டது என்று அவர் பிற்காலத்தில் பலமுறை கூறியதுண்டு. வரதராசுலு நாயுடுவும் இப்பிரச்சினையைப் பெரிதாக எழுப்பினார். 1925இல் ஐயர் பாபநாசம் அருவியில் உயிர்நீத்தார். ஐயர் நாட்டுக்காகத் துன்பமுற்றவர், தமக்கெனப் பொருள் சேர்க்காதவர். அவரிடத்திலும் இக்குறை நேர்ந்தது என்பதனால்தான் இந்நிகழ்ச்சி படிக்கத்தக்கதாகிறது.

இனி 1932க்கு வருவோம். செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 30ஆம் நாள் தீண்டாமை எதிர்ப்புக் கழகம் தோன்றியது. அதுவே பின்னர் ஹரிஜன சேவக சங்கம் எனப் பெயர் பெற்றது. தலைவர் ஜி.டி. பிர்லா; பொதுச் செயலாளர் அ.வி. தக்கர். நடுவண் குழுவில் அம்பேத்கரும், சென்னையைச் சேர்ந்த எம்.சி. இராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் முதலில் இடம்பெற்றனர். மூன்றாம் வட்டமேசை மாநாட்டிற்காக இலண்டன் நோக்கிப் புறப்பட்ட அம்பேத்கர், போகும் வழியில் விக்டோரியா என்னும் கப்பலிலிருந்து நவம்பர் 14ஆம் நாள் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நாமறிந்தவரை, சமூகப் பணியாளர் எவரும் படிக்கவேண்டிய முதற்பாடம் அது.

அதில் அவர் கேட்பது இதுதான். ஒடுக்கப்பட்டவனைத் திருத்துவதா, அவனை ஒடுக்கும் சூழ்நிலையைத் திருத்துவதா? மதுவிலக்கு, உடற்பயிற்சிக் கூடம், நூலகம் என்று ஆங்காங்கே சில தனி மனிதர்களை உயர்த்தும் வேலையைக் காட்டிலும், கிணற்றிலும் பள்ளியிலும் சாவடியிலும் பொது வண்டியிலும் உரிமையை நிலைநாட்டும் வேலைக்கே பணத்தையும் ஆற்றலையும் செலவிடவேண்டும் என்கிறார். ஆலைகளில் வேலைவாய்ப்பு மறுக்கப்படுவதைச் சுட்டுகிறார். பின்னர், யாரைக் கொண்டு இப்பணியைச் செய்விப்பது என்னும் இடத்திற்கு வருகிறார்.

அவ்விடத்தில்தான் அவருடைய கூர்மை தெரிகிறது. கூலிக்கு மாரடிக்கும் ஊழியரால் இது ஆகாது. அன்புடையவரே தொண்டு செய்ய முடியும். அத்தகையோரை ஒடுக்கப்பட்ட வகுப்பினரிடையிலிருந்தே தேடுங்கள் என்கிறார். சொல்லிவிட்டு, நம்மவரிடையிலும் வேறு பிழைப்பற்றுச் சமூகத் தொண்டில் புகலிடம் தேடிய போக்கிரிகள் இல்லாமலில்லை என்று ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறார். தம் மக்களுக்காக வாதாடும் மடலிலேயே இதனையும் எழுதும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அடுத்து, பலதரப்பட்ட வேலைகளில் ஈடுபட்டிருக்கும் அமைப்புகள் மானியம் கிடைப்பதனால் இப்பணியையும் சேர்த்து எடுத்துக்கொள்வதைத் தவணைமுறையில் சாமான் வாங்குவதற்கு ஒப்பிட்டு, அதனால் நிலைத்த பயன் விளையாது என்கிறார். ஒரே பணிக்குத் தம்மை ஒப்படைத்த அமைப்பே வேண்டும் என்பது அவர் முடிவு. மானியம் வரும் திசையெல்லாம் கொள்கையைத் திருப்பிக்கொள்ளும் இன்றைய நிறுவனங்களைக் காண்போர், இக்கடிதம் நேற்று எழுதப்பட்டதோ என மயங்குவர்.

அக்கடிதம் கிடைத்ததாகக்கூட மறுமொழி வரவில்லை என அம்பேத்கர் எழுதுகிறார். அவர் சங்கத்தை விட்டு விலகினார். சங்க நிர்வாகத்தில் தீண்டப்படாதார்க்குப் பங்கு வேண்டுமென்று கேட்டபோது, காந்தியார் தந்த விடையையும் அவர் நூலிற் காணலாம். இது சாதி இந்துக்கள் தம் பாவத்திற்குச் செய்யும் பிராயச்சித்தம்; பணமும் அவர்களுடையது; ஆகவே நிர்வாகமும் அவர்களிடமே இருக்கவேண்டும் என்பது அவ்விடையின் சாரம். இவ்விடையில் வஞ்சகம் இருப்பதாக நாம் கருதவில்லை. ஆனால் இதன்படி தொண்டின் கணக்கைக் கேட்கும் உரிமை கொடுத்தவனுக்கு மட்டுமே உரியதாகிறது. யாருடைய இழிவைக் காட்டிப் பணம் பெறப்பட்டதோ அவனுக்கு அவ்வுரிமை இல்லை. கண்மாய்க் கூட்டத்துக்கு வெளியே நின்ற மடைக்குடும்பனின் நிலைதான் இது.

தக்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போவது முறையன்று. பொறியாளராகப் பம்பாய் நகராட்சியில் நல்ல ஊதியம் பெற்றவர். துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புகளைக் கண்டு மனம் கலங்கி, 1914இல் வேலையைத் துறந்து இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தவர். பில் பழங்குடியினருக்காக உழைத்தவர். 1951இல் மறையும்வரை ஓயாது ஊர் சுற்றிய தொண்டர். அவருடைய நேர்மையை ஐயுறுவோர் இல்லை. நேர்மையான செயலாளர் ஒருவர் இருந்தும் அக்கடிதம் விடையின்றிப் போயிற்று.

1936இல் பம்பாயில் கிளிஃபோர்டு மான்ஷார்ட் தலைமையில் டாட்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியபின், தொண்டு என்பது கற்றுத் தேறும் தொழிலாயிற்று. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் முயற்சியால் 1952இல் அத்தகைய பள்ளி வந்தது. பட்டம் பெற்ற பணியாளர்க்குரிய ஒழுக்கநெறிகள் வகுப்பறையில் கற்பிக்கப்படுகின்றன: வந்தவர் சொன்ன மறைவான செய்தியை வெளியிடாமை, அவர் விருப்பமறிந்தே எதையும் செய்தல், பொய்யறிக்கை எழுதாமை. நல்லவைதாம். எனினும் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல, தவறியவரை நீக்கத்தக்க சட்டபூர்வமான மன்றம் சமூகப் பணியாளர் அனைவருக்கும் பொதுவாக அமையவில்லை.

அதன் விளைவை நம் போன்ற தலைமையாசிரியர்கள் அறிவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தார் நம் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திப் புத்தகப்பைகளைத் தோளில் மாட்டிப் படம் எடுத்தனர். படம் எடுத்து முடிந்ததும் பைகளைக் கழற்றி வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயினர். பெயர் வேண்டா. வேறொரு முறை, எதுவும் எழுதாத தாளில் பெற்றோரின் கைரேகையைக் கேட்டனர். என்ன எழுதப் போகிறீர்கள் என வினவியதற்கு, “அலுவலகத்தில் நிரப்பிக்கொள்வோம்” என்று விடை வந்தது. கைரேகை வைக்காமலே பெற்றோரை நாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இதற்கு மாற்று ஒன்றை நாட்டுக்குக் காட்டியவர்கள் இராஜஸ்தானத்து உழைப்பாளிகள். 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் மக்கள் விசாரணை ஒன்றைக் கூட்டியது. அரசு வேலைகளின் கூலிப்பட்டியலைப் பொதுவில் வைத்து உரக்கப் படித்தார்கள். பட்டியலில் கண்ட பெயருக்கு உரியவர் அங்கேயே அமர்ந்திருந்தார். கூலி பெற்றாயா என்று அவரிடமே கேட்டார்கள். அத்தகைய கூட்டங்களிலிருந்து எழுந்த கோரிக்கைதான் 2005இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக உருப்பெற்றது. அவ்வாண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராமசபை நடத்தும் சமூகத் தணிக்கைக்கு இடம் வகுத்தது. எழுதப்படிக்கத் தெரியாதவரும் தணிக்கையாளர் ஆகலாம் என்பது அதனால் மெய்யாயிற்று.

நம் சங்கம் தொடங்கிய நாளிலேயே கணக்குப் புத்தகம் பொருளாளர் வீட்டில் இருத்தலாகாது, படிப்பகத்தில் இருத்தல்வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. ஆண்டுக்கொரு முறை தைமாதக் கூட்டத்தில் அது முழுதும் வாசிக்கப்படுகிறது. சலிப்பூட்டும் வேலைதான், பாதிக் கூட்டம் உறங்கிவிடுவதும் உண்டு. ஓராண்டு அவ்வாறு வாசிக்கும்போது, கதிரறுப்புக்குப் போய்வரும் அம்மையார் ஒருவர் எழுந்தார். மே மாதத்தில் மாலை வகுப்பே நடக்கவில்லையே, வாத்தியாருக்குச் சம்பளம் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அது ஏப்ரல் மாதத்துப் பாக்கி என்றார் பொருளாளர். “அப்படியானால் அதையும் எழுத வேண்டியதுதானே, ஐயா?” என்றார் அவர். அந்த ஆண்டிலிருந்து செலவுப் பக்கத்தில், தொகை கொடுத்த தேதிக்கு அடுத்து, எந்த மாதத்திற்கு உரியது என்று குறிக்க ஒரு தனிக்கட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது.