கள்ளுக்கடையின் கணக்கு

மலாயாவின் நெகிரி செம்பிலானில், சி ரூசா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் யார் எங்கே குடிப்பது என்பதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. துரைமார் காரில் ஏறிச் செரம்பானுக்கு, சுங்கை ஊஜோங் கிளப்புக்குப் போவார்கள். கணக்கெழுதும் கிராணிமார் போர்ட்டிக்சன் டவுனில் சீனர் காப்பிக்கடையின் பின்மேசையில் உட்கார்ந்து ஸ்டவுட் குடிப்பார்கள். பால்மரம் சீவுகிற எங்கள் அப்பாமாருக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை. அந்த மூன்றாவது கூட்டத்தில் பிறந்தவள் நான். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் வரலாறும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எங்கள் தோட்டத்தின் வரலாறும் கணக்கும் சந்தித்துக்கொண்ட இடம் கள்ளுக்கடைதான் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

கடை, லயங்களுக்கு எட்டத்தில் செம்மண் சாலை திரும்புகிற முனையில் இருந்தது. தகரக் கூரை, பலகைச் சுவர், கழுவிவிடத் தோதான சிமெண்டுத் தரை. விற்கிற ஜன்னலுக்குக் கம்பிவலை. அதில் ஒரு கையும் ஒரு மங்கும் நுழையும் அளவுக்குச் சதுரமாக ஓட்டை. உள்ளே கள்ளுக்கடைக் கிராணி, பீப்பாய், அளக்கும் குவளை, கணக்குப் புத்தகம். காலையில் பால் வெட்டி, ஸ்டோரில் நிறுத்துப் போட்டு, குளித்து, சோறு தின்று, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கடை திறக்கிற நேரம் சரியாக இருக்கும். இருட்டுவதற்குள் மூடிவிடுவார்கள், விடியுமுன் பிரட்டுக்கு, பேர் கூப்பிடும் இடத்துக்கு, ஆள் வர வேண்டுமே.

வேலிக்கு வெளியே பாட்டிகள் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அவித்த கச்சான், நெத்திலிப் பொரியல், மிளகாய் தூக்கலாகப் போட்ட நண்டுப் பிரட்டல். சிறுபிள்ளைகள் வேலியைத் தாண்டக் கூடாது. அம்மா என்னை அனுப்பும்போதெல்லாம் அங்கேயே நின்று, "அண்ணே, அப்பாவக் கூப்பிடுங்க" என்று கத்துவேன். "அப்பா வருவாரு பாப்பா, நீ வீட்டுக்குப் போ" என்று கம்பிவலைக்குப் பின்னாலிருந்து கிராணி பதில் சொல்வார். உள்ளே சிரிப்பும் பாட்டும் வழக்கும் ஒன்றாகக் கேட்கும். ஊரில் விட்டு வந்த நிலத்தைப் பற்றி, மகள் கல்யாணத்தைப் பற்றி, வேலை வாங்கும் மண்டோர் திட்டியதைப் பற்றி அப்பா சத்தம்போட்டுப் பேசிக் கேட்டது அங்கே மட்டும்தான். தோட்டத்தில் துரைக்கும் கிராணிக்கும் வழிவிட்டு ஒதுங்காமல், கால் நீட்டி உட்கார அவருக்கு வேறு இடம் கிடையாது.

கள் நாள் தாங்காத சரக்கு. தென்னம்பாளையை விரியவிடாமல் இறுக்கிக் கட்டி, தட்டிப் பக்குவப்படுத்தி, நுனியை வேளாவேளைக்கு மெல்லிசாகச் சீவிவந்தால் நீர் சொட்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் தானே நுரைத்துக் கள்ளாகும். போதை ஏறக்குறைய பீரின் அளவு. மறுநாளே புளித்துக் காடியாகிவிடும். ஆகவே பீரைப்போல அடைத்துக் கப்பலில் அனுப்ப முடியாது. மரம் இருக்கிற சீமையில்தான் கடை இருக்கும். போர்ட்டிக்சனிலிருந்து தெலுக் கெமாங் வரைக்கும் கடலோரம் தென்னைக்குப் பஞ்சமில்லை. மரம் ஏறத் தெரிந்தவர்களும் நம்மவர்களிலேயே இருந்தார்கள். குடிக்கிறவர்களை ரப்பர் கொண்டுவந்து சேர்த்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியபோது கங்காணிமார் கிராமம் கிராமமாக ஆள் திரட்டினார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, கப்பல் செலவை முதலாளிமார் பொதுவில் ஏற்றார்கள். வந்து இறங்கியவர்களுக்கு லயம் கட்டினார்கள். சாமி கும்பிட இடம் விட்டார்கள். பிறகு பள்ளிக்கூடம் வந்தது. இவற்றோடு கள்ளுக்கடையும் வந்தது. பட்டணங்களில் அரசாங்கமே கள்ளுக்கடை வைத்தது. தோட்டங்களில் அரசாங்க லைசென்ஸ் பெற்று நிர்வாகமே நடத்தியது. கள் நின்றால் கூலிகள் சம்சு என்ற சாராயத்துக்குப் போய்விடுவார்கள், கள்ளிலே சத்து இருக்கிறது, வேலை செய்து களைத்த உடம்புக்கு நல்லது என்பவை தோட்டத் தரப்பின் வாதங்கள். சிலாங்கூர் கடலோர மாவட்டங்களில் கள்ளால் வந்த கேட்டை விசாரிக்க 1917இலேயே ஒரு ஆணைக்குழு போட வேண்டியிருந்தது. விசாரித்தார்கள், கடைகள் இருந்தபடி இருந்தன.

கணக்கைப் பார்ப்போம். 1920களின் கடைசியில் முக்கியமான ரப்பர் பகுதிகளில் வகுத்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சம்பளம் கொடுப்பது தோட்ட ஆபீஸ். சாயங்காலம் அதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வது தோட்டத்தின் கடை. லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்பது விதி. கேட்கத் தர்மம் போலத்தான் இருக்கும். ஆனால் கோயில் திருவிழாவுக்கோ பிள்ளைகளின் விளையாட்டுக்கோ அந்தப் பணத்திலிருந்து கொடுத்தால், முதலாளி செய்யவேண்டிய செலவைத் தொழிலாளி தன் குடியிலிருந்து கொடுத்தான் என்றுதான் நான் கணக்கெழுதுவேன். அவன் எவ்வளவு குடிக்கிறானோ அவ்வளவு நலம். இந்தக் கணக்கை என் வகுப்பில் போட்டிருந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரித்திருக்கும்.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் மகன் ஒருநாள் என்னை ஐரிஷ் பப் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே, அக்கம்பக்கத்தார் வேலை விட்டு வரும் வழியில் செருப்புக் காலோடு நுழைகிற சாதாரண இடம். பச்சைப் பலகை, மரமேசை, சுவரில் பழைய படங்கள். எனக்கு எலுமிச்சைச் சாறு, அவனுக்குக் கின்னஸ். அந்தக் கறுப்புப் பானம் எனக்குப் புதிதல்ல. பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு தேற ஸ்டவுட் கொடுக்கிற பழக்கம் தோட்டங்களில் இருந்தது. 1960களிலிருந்து கின்னஸை இங்கே சுங்கைவேயிலேயே காய்ச்சுகிறார்கள். "அயர்லாந்து கிராமங்களில் இப்படித்தான் அம்மா, வாசலுக்கு மேலே கடைக்காரர் குடும்பத்தின் பெயர் இருக்கும், மளிகைச் சாமானும் அங்கேயே வாங்கலாம்" என்றான் மகன். நான் சுற்றிப் பார்த்தேன். பேச்சு, சிரிப்பு, வழக்கு எல்லாம் எங்கள் கடையில் கேட்டதுதான். வித்தியாசம், அங்கே உட்கார்ந்திருந்த எவருக்கும் சம்பளம் கொடுக்கிறவர் அந்தக் கடைக்குச் சொந்தக்காரர் இல்லை.

இந்த வித்தியாசம் வெள்ளைக்காரர்களுக்குத் தெரியாததல்ல. சாராயக் கடையில் வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1883இலேயே சட்டம் போட்டது. கூலி கைக்கு வந்ததும் கல்லாவுக்குப் போய்விடுகிறது, வீட்டில் பெண்டாட்டி பிள்ளை பட்டினி கிடக்கிறது என்பது அவர்கள் ஊர்த் தொழிலாளி விஷயத்தில் புரிந்தது. அதே கொடி பறந்த மலாயாவில் சம்பளம் கொடுக்கிறவனே கடையும் வைக்க லைசென்ஸ் கொடுத்தார்கள்.

அயர்லாந்தில் 1838இல் கார்க் நகரத்துப் பாதிரியார் மேத்யூ தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் லட்சக்கணக்கானோர் சத்தியம் செய்து குடியை விட்டார்கள். நம்மவர்களிடையேயும் அப்படி ஒரு குரல் எழுந்தது. அதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். தம் தோப்புத் தென்னைகளைக் கள்ளுக்கு எதிராக வெட்டிச் சாய்த்த பெரியார் 1929 கடைசியில் மலாயா வந்தார். சீர்திருத்தச் சங்கங்கள் மேடை மேடையாகக் குடிக்கு எதிராகப் பேசின. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சம்பள உயர்வு, மருத்துவ வசதி, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. அந்தப் பட்டியலிலேயே கள்ளுக்கடைகளை மூடு என்பதும் இருந்தது. கேட்டவர்கள் துரைமாரல்ல, சீமைப் பாதிரிமாரல்ல, பால்மரம் சீவியவர்கள். பதிலுக்குப் பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள்.

போருக்குப் பிறகு கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இந்திய தேசிய ராணுவத்தைப் பார்த்து வந்த தலைமுறை அது. வரிசையாக அணிவகுத்துக் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947இல் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீசோடு மோதல் ஏற்பட்டு, தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். எங்கள் நெகிரி செம்பிலானில், செரம்பானை மையமாக வைத்து இந்தியத் தொழிலாளர் சங்கத்தை வளர்த்தவர் பி.பி.நாராயணன். 1954இல் பல சங்கங்கள் சேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமானபோது அவரே அதன் பொதுச்செயலாளர். கள்ளுக்கடை வாசலில் பேச முடிந்ததைத் துரையின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேச ஆட்கள் அப்போதுதான் வந்தார்கள்.

எங்கள் கடையை யாரும் மறித்து மூடவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீட்டு மனை வந்தது. ஆட்கள் பட்டணத்துப் புறம்போக்குக்கும் மலிவு வீட்டுக்கும் போனார்கள். கடை இருந்த முனையில் இப்போது கார் கழுவுகிறார்கள். குடி மட்டும் கூடவே போயிற்று. கள்ளுக்குப் பதில் போத்தல் சம்சு. அதில் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேபாளம், மியன்மார், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். நூறு வருஷத்துக்கு முன் நாம் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

தோட்டத்து வரலாறு எழுதுகிறவர்கள் கோயிலை எழுதுகிறார்கள், தமிழ்ப்பள்ளியை எழுதுகிறார்கள், சங்கத்தை எழுதுகிறார்கள். கள்ளுக்கடை வந்தால் தோட்டத் தமிழன் குடித்தே கெட்டான் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் அப்பா குடித்தார். அதனால் அம்மா பட்ட பாட்டை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடையை அவர் திறக்கவில்லை, லைசென்ஸும் அவர் பெயரில் இல்லை, லாபமும் அவர் கைக்கு வரவில்லை. குடித்தவன் கணக்கை இத்தனை நாள் எழுதியாயிற்று. ஊற்றிக்கொடுத்தவன் கணக்கையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான் ஐந்தொகை சரியாக வரும்.