ஏ.வி.எம் எந்த வருஷம் இறங்க ஆரம்பிச்சது? 1979-ஆ, 1982-ஆ, 2009-ஆ... ஒரு தீராத பஞ்சாயத்து!

ஏ.வி.எம்-னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்ற படம் எது? பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை... அதை வெச்சே உங்க வயசைக் கண்டுபிடிச்சுடலாம். 'பராசக்தி'ன்னா நீங்க தாத்தா. 'சகலகலா வல்லவன்'னா அப்பா. 'சிவாஜி', 'அயன்'னா நம்ம செட். எதுவுமே ஞாபகம் வரலைன்னா, நீங்க 2010-க்குப் பிறகு தியேட்டருக்குப் போக ஆரம்பிச்சவங்க. தப்பு உங்க மேல இல்லை.

2025 டிசம்பர் 4-ம் தேதி, ஏ.வி.எம்.சரவணன் காலமானார். எப்போதும் வெள்ளை உடை, யாரைப் பார்த்தாலும் கைகட்டி நிற்கும் பணிவு என்று தமிழ் சினிமா ஞாபகம் வைத்திருக்கும் மனிதர். அந்த வாரம் நான் திருப்பருத்திக்குன்றத்தில் பெரியப்பா வீட்டில் இருந்தேன். காஞ்சிபுரம் பக்கத்தில், சமணர் கோயிலும் பட்டுத் தறிகளும் இருக்கிற சின்ன ஊர். டி.வி-யில் பழைய படக் காட்சிகள் ஓட ஓட, வீட்டில் ஆரம்பித்தது சண்டை.

"மெய்யப்பச் செட்டியார் போனாரே, அன்னிக்கே முடிஞ்சுபோச்சு" என்றார் பெரியப்பா. "அதெல்லாம் இல்லண்ணா. குடும்பத்தோட பார்க்குற படம் எடுத்துக்கிட்டு இருந்தவங்க, என்னிக்குக் குத்துப்பாட்டுப் பக்கம் போனாங்களோ அன்னிக்குத்தான்" என்றார் அத்தை. "ரெண்டு பேரும் சும்மா இருங்க. 2009-ல ஒரே வருஷத்துல 'அயன்', 'வேட்டைக்காரன்'னு ரெண்டு படம் விட்டவங்களைப் போய் இறங்கிட்டாங்கன்னு சொல்றீங்க. அதுக்கு அப்புறம்தான் சத்தமே இல்ல" என்றான் அண்ணன்.

மூன்று பேர், மூன்று தேதி. இந்தச் சண்டை எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. பழைய படம் பார்க்கிற நாலு பேர் எங்கே கூடினாலும் நடக்கும். அதனால் ஒவ்வொரு தேதிக்கும் என்ன வாதம், எதிர்வாதம் என்ன என்று பார்த்துவிடலாம்.

முதல்ல கொஞ்சம் முன்கதை

காரைக்குடிக்காரரான ஏ.வி.மெய்யப்பன், 1930-களிலேயே சினிமாவுக்கு வந்தவர். முதல் படமான 'அல்லி அர்ஜுனா' கையைச் சுட்டது. விடாமல் மோதி, 1945 அக்டோபரில் ஏ.வி.எம் புரொடக்‌ஷன்ஸைத் தொடங்கினார். சென்னையில் இடமும் மின்சாரமும் சிக்கலாக இருந்த காலம் என்பதால், காரைக்குடி அருகே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 'நாம் இருவர்' (1947) அங்கே உருவான படம்தான். அடுத்த வருஷமே ஜாகை கோடம்பாக்கத்துக்கு மாறியது.

பிறகு நடந்ததெல்லாம் வரலாறு. வைஜெயந்திமாலாவை அறிமுகப்படுத்திய 'வாழ்க்கை' (1949), நேஷனல் பிக்சர்ஸோடு சேர்ந்து எடுத்து சிவாஜி கணேசனைத் தந்த 'பராசக்தி' (1952), குழந்தை கமலைத் தந்த 'களத்தூர் கண்ணம்மா' (1960). இந்தியிலும் ராஜ் கபூர், நர்கிஸ் நடித்த 'சோரி சோரி' (1956) போன்ற படங்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் தனிப் பெருமை ஒன்று உண்டு. 1951-ல் ஏ.வி.எம் எடுத்த 'ஓர் இரவு', காஞ்சிபுரத்து அண்ணாவின் நாடகம். அதன் திரைக்கதையை அவர் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பக்கங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்!

பெரியப்பா கட்சி: 1979

1979 ஆகஸ்ட் 12 அன்று, 72 வயதில் மெய்யப்பன் இறந்தார். ஒரு தற்செயலைக் கவனியுங்கள். 'களத்தூர் கண்ணம்மா' ரிலீஸானதும் ஒரு ஆகஸ்ட் 12-தான்.

இந்தக் கட்சியின் வாதம் பலமானது. மெய்யப்பன் பணம் மட்டும் போட்ட தயாரிப்பாளர் இல்லை. எடுத்ததைப் போட்டுப் பார்ப்பார், பிடிக்கவில்லையென்றால் மறுபடி எடுக்கச் சொல்வார். 'பராசக்தி'யில் ஒல்லியாக இருந்த புதுமுகம் சிவாஜியை வைத்து ஏற்கெனவே எடுத்த காட்சிகளை, அவர் கொஞ்சம் சதை போட்ட பிறகு திரும்ப எடுத்தார்கள். 'களத்தூர் கண்ணம்மா' டி.பிரகாஷ் ராவ் இயக்கத்தில் ஆரம்பித்து, பாதியில் ஏ.பீம்சிங் கைக்கு வந்தது. அந்த நாளில் நடிகரும் டைரக்டரும் மாறுவார்கள், 'இது நல்லா இல்லை' என்று சொல்கிற ஆள் மட்டும் மாற மாட்டார். அந்த ஆள் போன பிறகு என்ன மிச்சம் என்பதுதான் பெரியப்பாவின் கேள்வி.

எதிர்வாதம் சிம்பிள். 1980 டிசம்பரில் 'முரட்டுக்காளை' வந்தது. படத் தயாரிப்பில் விழுந்திருந்த இடைவெளிக்குப் பிறகு, ரஜினியை வைத்து, எஸ்.பி.முத்துராமன் இயக்கத்தில், ஹீரோவாகவே இருந்த ஜெய்சங்கரை வில்லனாக்கி, சரவணனும் சகோதரர்களும் எடுத்த படம். தாறுமாறு ஹிட். அப்பா இறந்த அடுத்த வருஷமே எழுந்து நின்ற கம்பெனியை எப்படி விழுந்துவிட்டது என்று சொல்வது?

அத்தை கட்சி: 1982

இதுதான் சுவாரஸ்யமான கட்சி. அத்தை சொல்லும் தேதியில் ஏ.வி.எம் தோற்கவில்லை, வசூலில் உச்சத்தில் இருந்தது. 'போக்கிரி ராஜா', 'சகலகலா வல்லவன்' இரண்டும் 1982. அடுத்த வருஷம் 'பாயும் புலி', 'தூங்காதே தம்பி தூங்காதே'. ரஜினிக்கு ஒன்று, கமலுக்கு ஒன்று என்று ஸ்கெட்ச் போட்டு அடித்த காலம். 'முரட்டுக்காளை' தொடங்கி 'சிவாஜி' வரை ரஜினிக்கு மட்டும் 9 படங்கள்.

ஆனால் அத்தை கணக்கு வேறு. 'சர்வர் சுந்தரம்', 'அன்பே வா', 'உயர்ந்த மனிதன்' எடுத்த பேனர் அது. எம்.ஜி.ஆர் இந்த பேனரில் நடித்தது 'அன்பே வா' ஒன்றில்தான். ஏ.வி.எம்மின் முதல் கலர் படமும் அதுவே. அடிதடி ஹீரோவை ஊட்டி, சிம்லா என்று காதல் காமெடியில் சுற்றவிட்டார்கள். அப்போது ஹீரோவைக் கம்பெனி தன் கதைக்கு வளைத்தது, 1982-க்கு மேல் கம்பெனி ஹீரோவுக்கு வளைந்தது... அத்தை இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. "முன்ன ஏ.வி.எம் படம்னு போவோம். அப்புறம் ரஜினி படம்னு போனோம்" என்றார். அவ்வளவுதான்.

இந்தக் கட்சிக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1986-ல் விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்'. பெரிய ஸ்டார் கிடையாது, நடுத்தரக் குடும்பம், வீட்டுக்குக் குறுக்கே ஒரு கோடு. சிறந்த ஜனரஞ்சகப் படத்துக்கான தேசிய விருதை வாங்கியது. இதைச் சொன்னதும், "அது விசு படம்!" என்று எகிறினார் அத்தை. வாதத்தில் ஜெயிக்கவே விட மாட்டார்.

90-கள்

இந்தப் பத்து வருஷத்துக்கு எங்கள் வீட்டில் வக்கீலே இல்லை. 'எஜமான்' (1993), பொன்விழாவுக்காக எடுத்த 'மின்சாரக் கனவு' (1997) என்று படங்கள் வந்தன. ரஹ்மான், எஸ்.பி.பி, சித்ரா, பிரபுதேவா என்று 'மின்சாரக் கனவு' 4 தேசிய விருதுகளை அள்ளியது. ஏ.வி.எம் சீரியல் பக்கமும் போனது. இறங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால், 'அடுத்த ஏ.வி.எம் படம் எப்போ?' என்று யாரும் காத்திருக்கவும் இல்லை.

அண்ணன் கட்சி: 2009

'ஜெமினி' (2002), 'பேரழகன்' (2004), 'திருப்பதி' (2006) என்று வந்து, 2007 ஜூன் 15-ல் 'சிவாஜி'. அன்றைய தேதிக்கு இந்தியாவிலேயே அதிக செலவில் எடுத்த படங்களில் ஒன்று. 2009 ஏப்ரலில் 'அயன்', டிசம்பரில் 'வேட்டைக்காரன்'. அதோடு தமிழில் பெரிய ஹீரோ படங்கள் நின்றுவிட்டன. 2014-ல் புதுமுகங்களை வைத்து 'இதுவும் கடந்து போகும்' என்ற சின்னப் படம். 2022-ல் ஓ.டி.டி-க்கு 'தமிழ் ராக்கர்ஸ்' வெப் சீரிஸ். அதன் கதை திருட்டு சி.டி-யும் பைரஸியும். ஒரு பழைய கம்பெனி தன் தொழிலைத் தின்ற பிரச்னையையே கதையாக எடுத்தது கொஞ்சம் மனசைப் பிசைகிற விஷயம்தான்.

அண்ணன் சொல்வது தேதிக்குச் சரி. ஆனால் அது நின்ற தேதி. நாம் கேட்டது இறங்க ஆரம்பித்த தேதி. 'அயன்', 'வேட்டைக்காரன்' இரண்டையும் தியேட்டருக்குக் கொண்டு வந்தது யார்? சன் பிக்சர்ஸ். நாள் முழுக்க டி.வி-யில் டிரெய்லர் ஓட்டி, நம் மண்டையில் பாட்டை ஏற்றியது அவர்கள்தான். 'சிவாஜி'யை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? ரஜினி படம், ஷங்கர் படம், ரஹ்மான் ஆல்பம். நாலாவதாகத்தான் ஏ.வி.எம் ஞாபகம் வரும். ஒரு ஹீரோவின் சம்பளம், டைரக்டரின் கனவு, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு செட் என்று செலவு எகிறுகிற ஆட்டத்தில், சொந்தப் பணத்தைப் போடும் குடும்பக் கம்பெனி ஒருமுறை சறுக்கினாலும் எழுவது கஷ்டம். ஆடாமல் ஒதுங்கியது தோல்வியா, புத்திசாலித்தனமா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. அண்ணனுக்குக் கோபம்.

கம்பெனியா, கட்டடமா?

நான் எந்தக் கட்சி என்று கேட்டால், இவர்கள் மூவரும் பேசாத ஓர் இடத்தைக் காட்டுவேன். இவர்கள் படங்களின் வருஷங்களைப் பேசுகிறார்கள். ஏ.வி.எம் என்பது முதலில் ஓர் இடம். ஆற்காடு சாலையில் உலக உருண்டை சுழலும் வாசல், உள்ளே ஃப்ளோர்கள், ரெக்கார்டிங் தியேட்டர், எடிட்டிங் அறை. தச்சர், பெயின்டர், லைட்மேன், மேக்கப்மேன் எல்லோரும் அங்கேயே வேலை பார்த்தார்கள். எஸ்.பி.முத்துராமன் அங்கே எடிட்டிங் பிரிவில் உதவியாளராக இருந்து வளர்ந்தவர். ஆள் எடுத்து, தொழில் கற்றுக்கொடுத்து, தானே டைரக்டராக்குகிற இடம்.

1977-ல் '16 வயதினிலே' வந்தது. பாரதிராஜா கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்கே போய்விட்டார். செட் வேண்டாம், ஃப்ளோர் வேண்டாம். அதன் பிறகு எல்லோரும் போனார்கள். ஷூட்டிங் வெளியே போனால் ஃப்ளோர் காலி, ஆனால் கரன்ட் பில்லும் சம்பளமும் நிற்காது. அந்த அடி ஏ.வி.எம்-க்கு மட்டும் விழவில்லை. மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள்.

'சந்திரலேகா' (1948) எடுத்த எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று பார்க் ஹோட்டல். 1969-ல் வாசன் மறைந்த சில வருஷங்களில் ஸ்டூடியோ போய்விட்டது. பெயர் மட்டும் ஃப்ளைஓவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அதிகாரபூர்வப் பெயர் அண்ணா மேம்பாலம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேல் படம் எடுத்தது. டி.ஆர்.சுந்தரம் 1963-ல் போனார், இன்று ஏற்காடு சாலையில் நிற்பது முகப்பு வளைவு மட்டும். வடபழனி விஜயா வாஹினி இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் மாலும். நீங்கள் பாப்கார்னுடன் நிற்கிற அந்த மால்தான்.

இந்த வரிசையில் ஏ.வி.எம் ஒன்றுதான் இன்னும் அதே வாசலோடு நிற்கிறது. ராஜேஸ்வரி தியேட்டர் மூடியாகிவிட்டது, ஆனாலும் உருண்டை இருக்கிறது. அதனால் என் தேதி 1977. ஏ.வி.எம் எடுக்காத ஒரு படத்தால், ஏ.வி.எம் இறங்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஹிட் கொடுத்தது அவர்களின் கெட்டிக்காரத்தனம்.

இதைச் சொன்னதும் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் நாற்பது வருஷம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, ரேடியோ கேட்டுக்கொண்டே பட்டு நெய்தவர். இப்போது வீட்டில் தறி இல்லை. "நீங்க எந்த வருஷம் தறியை விட்டீங்க பெரியப்பா?" என்று கேட்டேன்.

"அதை எப்படிம்மா சொல்றது? ரெண்டு தறி இருந்துச்சு. கோர்வைக்கு ஆள் கிடைக்கல, ஒண்ணைப் பிரிச்சோம். அப்புறம் ஒரு பாவு முடிஞ்சு அடுத்த பாவு வர்றதுக்கு நாளாச்சு. ஒரு தடவை வரவே இல்ல. நானும் போய்க் கேக்கல."

"அப்ப 1979-னு மட்டும் எப்படி அடிச்சுச் சொல்றீங்க?" என்று மடக்கினான் அண்ணன்.

"அது அடுத்தவன் வீட்டுக் கதைடா, சொல்லலாம்" என்றார்.

நீங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டுமென்றால், 'சர்வர் சுந்தரம்', 'முரட்டுக்காளை', 'சம்சாரம் அது மின்சாரம்', 'அயன்' நான்கையும் இதே வரிசையில் பாருங்கள். ஒரு வீக் எண்ட் போதும். நேரில் போகிறவர்களுக்கு, ஸ்டூடியோ வளாகத்திலேயே 2023-ல் திறந்த ஏ.வி.எம் ஹெரிட்டேஜ் மியூசியம் இருக்கிறது. பழைய கேமராக்கள், விளக்குகள், ஒலிப்பதிவுக் கருவிகள், வரிசையாக வின்டேஜ் கார்கள். அண்ணன் கார்களைப் பார்க்கப் போகிறானாம். அத்தைக்கு அந்த உருண்டை முன்னாடி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பெரியப்பா இன்னும் வருகிறேன் என்று சொல்லவில்லை.