தூங்கக் கூடாத பெட்டிகள்

வன்னியம்பட்டிப் பக்கம் கொஞ்ச நாள் நான் பார்த்துக்கொண்ட கம்ப்யூட்டர் சென்டரின் பழைய நோட்டு கையில் கிடைத்தது. 2012இல் எழுதிய ஒரு வரி: "யூபிஎஸ் சர்வருக்கு மட்டும் போதும்." தப்பு.

அந்த வருஷத்துக் கரண்ட் கட்டை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமெல்லாம் எப்போ போகும், எப்போ வரும்னே தெரியாது. எங்களிடம் ஒரு சர்வர், ஹார்டு டிஸ்க் இல்லாத பத்துப் பழைய பெட்டிகள். லினக்ஸில் எல்டிஎஸ்பி, அதாவது ஜிம் மெக்குவில்லன் 1999இல் தொடங்கிய திட்டம். பெட்டி நெட்வொர்க் வழியாக பூட் ஆகும். வேலையெல்லாம் சர்வரில் நடக்கும். பெட்டி அணைந்தால் நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

ஒரு பிள்ளை மதியம் முழுக்கத் தமிழ் டைப்பிங் அடித்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போய் வந்தது. சர்வர் அணையவே இல்லை. அவள் அடித்த பக்கங்களைத்தான் காணோம். "சர்வர்லதான் இருக்கும்னு சொன்னீங்களே அண்ணே?"

காரணம், 1984இல் எம்ஐடியில் பிறந்த எக்ஸ் விண்டோ. அதில் திரையை ஆளும் நிரல் மேஜைமேல் இருக்கும் பெட்டியில்தான் ஓடும். அது போனால், சர்வரில் ஓடும் எடிட்டரும் கூடவே போய்விடும். 1998இல் வந்த விண்டோஸ் டெர்மினல் சர்வரிலும், 1999இல் வந்த சன் ரேயிலும் இந்தத் தொல்லை கிடையாது. செஷன் சர்வரிலேயே காத்திருக்கும். இரண்டையும் தின் கிளையன்ட் என்றே சொல்கிறோம், அங்கேதான் நான் ஏமாந்தேன்.

தூக்கமும் இதே கதைதான். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஏசிபிஐயின் ஸ்லீப், நினைவை ராமில் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடும். தனி கம்ப்யூட்டருக்குச் சரி. எங்கள் பெட்டி தூங்கினால் சர்வரோடு தொடர்பு அறுந்துவிடும். ஹைபர்நேட் பண்ணவோ டிஸ்க்கே இல்லை. ஸ்லீப்பை நிறுத்திவிட்டு, மானிட்டர் மட்டும் பத்து நிமிஷத்தில் அணையும்படி வைத்தேன். கரண்டை அதிகம் தின்றதும் அந்தக் குண்டு மானிட்டர்தான்.

கரண்ட் திரும்பினால் தானாக எழும்பும்படி பயாஸில் வைத்துப் பார்த்தேன். நடுராத்திரி ஆளில்லாத அறையில் பத்தும் ஒன்றாக பூட் ஆயின! அதையும் எடுத்தாச்சு. வேக் ஆன் லேன் இருக்கிறதே என்பீர்கள். அதன் மேஜிக் பாக்கெட் வெறும் 102 பைட். ஆனால் கரண்ட் முழுசாகப் போய்வந்தபின், ஒருமுறை பூட் ஆகும்வரை எங்கள் பழைய கார்டுகளுக்குக் காதே கேட்காது. கடைசியில் விரல்தான்.

எடிட்டரில் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படி அந்தப் பிள்ளைக்கு வைத்துக் கொடுத்தேன். அவள் நம்பவில்லை. வரிக்கு வரி கன்ட்ரோல் எஸ் அடித்துக்கொண்டே இருந்தாள்.