ராணுவத்தினரை விசாரிக்கும் அதிகாரம் (இந்தியா)

உள்நாட்டில் பணியில் இருக்கும் ராணுவத்தினர் குடிமக்களுக்கு எதிராகக் குற்றம் இழைத்ததாகப் புகார் எழும்போது, அதை விசாரிப்பதும் வழக்கு நடத்துவதும் மாநிலத்தின் உரிமையா, மத்திய அரசின் உரிமையா என்பது இந்தியச் சட்டத்தில் நீண்டகாலமாகத் தொடரும் சிக்கல். மாநிலக் காவல் துறை முதல் தகவல் அறிக்கை பதியலாம், சாட்சிகளை விசாரிக்கலாம், குற்றப்பத்திரிகையும் தயாரிக்கலாம். ஆனால் அந்தக் குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்று வழக்கை நடத்த டெல்லி சம்மதிக்க வேண்டும். ஆகவே புலனாய்வு யார் கையில் என்பதைவிட, அது போய்ச் சேரும் வாசலின் சாவி யாரிடம் என்பதில்தான் இந்தச் சிக்கலின் முடிச்சு இருக்கிறது.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில், பாதுகாப்பும் ஆயுதப் படைகளும் மத்தியப் பட்டியலில் உள்ளன. காவல் துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. ஆனால் பொது ஒழுங்கு என்ற அதே பதிவு, ராணுவத்தைப் பயன்படுத்துவதைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிடுகிறது. 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது திருத்தம், மாநிலத்துக்கு உதவியாக அனுப்பப்படும் மத்தியப் படைகளின் அதிகாரம், சலுகை, பொறுப்பு எல்லாவற்றையும் 2ஏ என்ற புதிய பதிவாக மத்தியப் பட்டியலில் சேர்த்தது. கொலை நடந்தால் விசாரிப்பது உள்ளூர்க் காவல் நிலையம். கொன்றவர் சீருடையில் இருந்தால் அவருடைய பொறுப்பை வரையறுப்பது நாடாளுமன்றம்.

முன் அனுமதி

1958ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் (சிறப்பு அதிகாரங்கள்) சட்டம், ஆங்கிலப் பெயரின் சுருக்கமான ஆஃப்ஸ்பா என்றே செய்திகளில் அதிகம் அறியப்படுகிறது. ஒரு பகுதியைக் கலவரப் பகுதி என அறிவிக்கும் உரிமை தொடக்கத்தில் ஆளுநருக்கு இருந்தது. 1972ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மத்திய அரசுக்கும் அளித்தது. படையை வேண்டாம் என்று சொல்லும் மாநிலமும் அதோடு வாழ வேண்டிய நிலை அப்போதுதான் பிறந்தது. சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி, அதன் கீழ் செய்த செயலுக்காகவோ, செய்ததாகக் கூறும் செயலுக்காகவோ எவர் மீதும் மத்திய அரசின் முன் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது. காஷ்மீருக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே விதி 7ஆவது பிரிவாக இருக்கிறது.

அந்த அனுமதி எவ்வளவு அரிதானது என்பதற்கு அரசே தந்த கணக்கு உண்டு. 2001 முதல் ஜம்மு காஷ்மீர் அரசு அனுமதி கேட்டு அனுப்பிய 50 வழக்குகளில் 47 மறுக்கப்பட்டன, 3 நிலுவையில் உள்ளன என்று 2018 ஜனவரியில் மாநிலங்களவையில் பாதுகாப்புத் துறை பதிலளித்தது.

சட்டத்தையே எதிர்த்த நாகா மக்கள் இயக்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இல் சட்டம் செல்லும் என்றது. ஆனால் படை வருவது மாநில நிர்வாகத்துக்குத் துணையாகத்தான், அதன் இடத்தில் அமர்வதற்கு அல்ல என்றும் சொன்னது. அனுமதி மறுத்தால் மத்திய அரசு காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்த ஆணையை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்பதும் அதே தீர்ப்புதான். இந்தக் கடைசி வரி கால் நூற்றாண்டுக்குப் பிறகு நாகாலாந்துக்குத் தேவைப்பட்டது.

ஓட்டிங்

2021 டிசம்பர் 4 மாலை, நாகாலாந்தின் மோன் மாவட்டத்தில் திரு பகுதி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து, ஒரு பிக்கப் வண்டியில் ஓட்டிங் கிராமத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது ராணுவத்தின் 21ஆவது பாரா சிறப்புப் படையினர் சுட்டனர். 8 பேரில் 6 பேர் இறந்தார்கள். தேடி வந்த ஊராருக்கும் படையினருக்கும் மூண்ட மோதலில் மேலும் 7 பேரும் ஒரு படைவீரரும் மாண்டனர். மறுநாள் மோன் நகரில் இன்னொருவர். நிறுத்தச் சொல்லியும் வண்டி தப்பி ஓட முயன்றது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா நாடாளுமன்றத்தில் கூறினார். உயிர்பிழைத்தவர் அப்படி யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்றார். நாகாலாந்து சட்டமன்றம் அந்த மாதமே சிறப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

மாநில அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு, ஒரு மேஜர் உட்பட 30 பேர் மீது 2022இல் குற்றப்பத்திரிகை தயாரித்தது. நடைமுறை விதிகளைக் கடைப்பிடிக்காமல் கண்மூடித்தனமாகச் சுட்டார்கள் என்பது குழுவின் முடிவு. படையினரின் மனைவியர் தொடுத்த மனுக்களில் உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூலையில் நடவடிக்கைகளுக்குத் தடை விதித்தது. 2023இல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. மறுப்பை எதிர்த்து நாகாலாந்து அரசே உச்ச நீதிமன்றம் சென்றது. ஒரு மாநில அரசு தன் காவல் துறையின் புலனாய்வுக்காக மத்திய அரசை எதிர்த்து வழக்காடுவது அன்றாடம் நடப்பதல்ல. 2024 செப்டம்பர் 17 அன்று, அனுமதி இல்லாததால் 30 பேர் மீதான நடவடிக்கைகளை நீதிமன்றம் முடித்துவைத்தது. பின்னாளில் அனுமதி கிடைத்தால் வழக்கைத் தொடரலாம் என்றும், ராணுவம் தானாக ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்றும் சொன்னது.

விசாரணை ஆணையம் அமைக்கலாமா?

குற்றவியல் வழக்குத்தான் முடியாது, உண்மையைக் கண்டறிய ஆணையமாவது அமைக்கலாமே என்றால், அதற்கும் முன்னுதாரணம் மணிப்பூரில் உண்டு. 2004 ஜூலையில் அசாம் ரைஃபிள்ஸ் படையினர் நள்ளிரவில் கைது செய்து சென்ற தங்ஜம் மனோரமா என்ற பெண், மறுநாள் காலை பிணமாகக் கிடந்தார். இம்பாலின் காங்லா கோட்டை வாசலில் பெண்கள் ஆடை களைந்து நடத்திய போராட்டத்தை நாடே பார்த்தது. மாநில அரசு, 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டப்படி, ஓய்வுபெற்ற நீதிபதி உபேந்திர சிங் தலைமையில் ஆணையம் அமைத்தது. மத்தியப் படையை விசாரிக்க மாநிலத்துக்கு ஏது அதிகாரம் என்று அசாம் ரைஃபிள்ஸ் குவஹாத்தி உயர் நீதிமன்றம் சென்றது. தனி நீதிபதி 2005இல் அந்த வாதத்தை ஏற்று, அறிக்கையை மத்திய உள்துறைக்கு அனுப்பச் சொன்னார். 2010இல் இரு நீதிபதிகள் அமர்வு மாநிலத்தின் அதிகாரத்தை ஏற்றது. 2004 நவம்பரிலேயே தயாரான அறிக்கை இத்தனைக்கும் பிறகு 2014இல்தான் உச்ச நீதிமன்றத்தில் திறக்கப்பட்டது. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர அப்போது உத்தரவாயிற்று.

மாநில மனித உரிமை ஆணையங்கள் ராணுவத்தினரை விசாரிக்கும் வட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. தேசிய ஆணையமும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான்.

ராணுவ நீதிமன்றம்

1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் இன்னொரு பாதையைத் திறந்து வைத்திருக்கிறது. குடிமக்களைக் கொலை செய்தல், பாலியல் வன்கொடுமை ஆகிய குற்றங்களைப் பொதுவாக ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்கிறது 70ஆவது பிரிவு. களப்பணியில் இருந்தபோது நடந்ததென்றால் இந்தத் தடை நீங்கிவிடும். எந்த நீதிமன்றம் என்பதை முதலில் தேர்ந்தெடுப்பவர் ராணுவ அதிகாரி (125ஆவது பிரிவு). அந்தத் தேர்வைக் குற்றவியல் நீதிமன்றம் ஏற்காவிட்டால் இறுதி முடிவு மத்திய அரசுடையது (126). வழக்கில் ஒரு தரப்பாக நிற்பவரே நடுவராகவும் இருப்பது போன்ற ஏற்பாடு இது.

2000 மார்ச்சில் காஷ்மீரின் பத்ரிபலில் 5 பேர் கொல்லப்பட்ட வழக்கில் சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்திருந்தது. அனுமதி தேவைப்படுவது நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்கும் கட்டத்தில்தான், புலனாய்வுக்கு அல்ல என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எந்த நீதிமன்றம் என்ற தேர்வை ராணுவத்திடமே விட்டது. வழக்கைத் தன்னிடம் எடுத்துக்கொண்ட ராணுவம், போதிய ஆதாரம் இல்லையென 2014 ஜனவரியில் முடித்துக்கொண்டது. ராணுவ நீதிமன்றங்கள் தண்டிப்பதே இல்லை என்று சொல்ல முடியாது. காஷ்மீரில் நடந்த 2010 மச்சில் கொலை வழக்கிலும் 2020 அம்ஷிபோரா கொலை வழக்கிலும் ஆயுள் தண்டனை விதித்தன. இரண்டையும் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது.

மணிப்பூரில் சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் என 1528 வழக்குகளைப் பட்டியலிட்டுப் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தொடுத்த மனுவில், குற்றவியல் நீதிமன்ற விசாரணையிலிருந்து எவருக்கும் முழு விலக்கு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் கூறியது. மறு ஆண்டு சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. மாநிலக் காவல் துறை பதிந்த முதல் தகவல் அறிக்கைகளோ இறந்தவர்களையே குற்றவாளிகளாகக் காட்டின. மாநிலத்தின் கையில் அதிகாரம் இருந்தாலே நீதி கிடைத்துவிடும் என்ற எண்ணத்துக்கு இது பெரிய இடி.

அயல்நாட்டுப் படையினர்

குற்றம் சாட்டப்பட்டவர் அயல்நாட்டுப் படையினர் என்றாலும் மாநிலத்தின் கை நீளவில்லை. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல் தொலைவில், என்ரிகா லெக்சி என்ற எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படையினர் சுட்டதில், புனித அந்தோணி என்ற விசைப்படகில் இருந்த மீனவர் இருவர் இறந்தனர். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். கேரளக் காவல் துறை இருவரைக் கைது செய்தது. மாநிலத்தின் அதிகாரம் 12 கடல் மைலோடு முடிகிறது, வழக்கு நடத்த வேண்டியது மத்திய அரசு என 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு மத்திய அரசின் கையிலும் அது நிற்கவில்லை. கைதான இருவரும் இத்தாலிய அரசுப் பணியில் இருந்தவர்கள், இந்திய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது, இழப்பீடு மட்டும் உண்டு என்று 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றம் முடிவு செய்தது. இத்தாலி 10 கோடி ரூபாய் செலுத்தியபின் 2021 ஜூனில் இங்கே வழக்கு முடிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் ரோம் நீதிமன்றம் அங்கும் அதை முடித்துவைத்தது.