அறிந்தும் அறிவிக்காமை: புகுஷிமா அணு விபத்தும் அதிகாரப் பொறுப்புடைமையும்

2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46 மணிக்கு ஜப்பானின் வடகிழக்குக் கடலடியில் 9.0 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் புகுஷிமா தாய்இச்சி அணுமின் நிலையத்துக்குள் சுனாமி புகுந்தது. டர்பைன் கட்டடங்களின் அடித்தளங்களில் வைக்கப்பட்டிருந்த அவசரகால டீசல் ஜெனரேட்டர்கள் நீரில் மூழ்கின. குளிர்விக்க மின்சாரம் இல்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு விட்டு வெளியேறினர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில், நிலையத்தை இயக்கிய டோக்கியோ மின்சார நிறுவனத்தின் (டெப்கோ) முன்னாள் துணைத் தலைவர்கள் இருவரின் விடுதலையை ஜப்பான் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அத்துடன் இவ்விபத்து தொடர்பான குற்றவியல் வழக்கு முடிந்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இவ்விபத்தில் உண்மை கண்டறியப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாடாளுமன்றம் அமைத்த சுதந்திர ஆணையம், அரசு அமைத்த குழு, தனியார் அறக்கட்டளையின் குழு, டெப்கோவின் உள் விசாரணை என நான்கு அறிக்கைகள் 2012இலேயே வெளிவந்தன. நாடாளுமன்ற ஆணையம் மட்டும் 1,167 பேரை 900 மணி நேரத்துக்கு மேல் விசாரித்தது. இவ்வளவு தெரிந்த பின்னும் பொறுப்பு ஏன் எவர்மீதும் நிலைக்கவில்லை? விசாரணை மன்றங்கள் பெரும்பாலும் 'விபத்தைத் தடுத்திருக்க முடியுமா' என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நின்றன என்பதே இக்கட்டுரை தரும் விடை. 'தெரிந்த அபாயத்தை, அதைத் தாங்கப்போகிற மக்களுக்குச் சொன்னீர்களா' என்ற முந்தைய கேள்வி தனிக் கடமையாக எங்கும் எழுப்பப்படவில்லை. அறிவிக்கும் கடமையைப் பொறுப்புடைமையின் அடித்தளமாகக் கொண்டால் புகுஷிமாவின் வரலாறு வேறுவிதமாகப் படிக்கக் கிடைக்கிறது.

1. யாருக்கு என்ன தெரிந்திருந்தது

நிலையத்தின் நான்கு உலைகள் கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அமைந்திருந்தன. சுனாமி குறித்த அனுமானம் தொடக்கத்தில் 3.1 மீட்டர், 2002இல் அது 5.7 மீட்டராக உயர்த்தப்பட்டது. அதே 2002 ஜூலையில், அரசின் நிலநடுக்க ஆய்வு மேம்பாட்டுத் தலைமையகம் நீண்டகால மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. ஜப்பான் அகழியை ஒட்டிய பகுதியில் எங்கு வேண்டுமானாலும் பெருஞ்சுனாமியை எழுப்பும் நிலநடுக்கம் நேரலாம், அடுத்த முப்பது ஆண்டுகளில் அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு என்றது அது.

இம்மதிப்பீட்டைக் கொண்டு 2008இல் டெப்கோவுக்காகச் செய்யப்பட்ட கணக்கீடு, நிலைய வளாகத்தில் சுனாமி அதிகபட்சம் 15.7 மீட்டர் எட்டலாம் எனக் காட்டியது. அவ்வாண்டு ஜூலை 31 அன்று நடந்த கூட்டத்தில், அணுசக்திப் பிரிவின் பொறுப்பிலிருந்த சக்காயே முத்தோ, உடனடியாகத் தடுப்பு வேலைகளைத் தொடங்காமல் மதிப்பீட்டு முறையைக் கட்டுமானப் பொறியாளர் சங்கத்தின் ஆய்வுக்கு அனுப்பத் தீர்மானித்தார். 15.7 மீட்டர் என்ற எண் ஒழுங்குமுறை அமைப்பான அணு மற்றும் தொழில் பாதுகாப்பு முகமைக்கு எட்டியது 2011 மார்ச் 7 அன்று. அதாவது விபத்துக்கு நான்கு நாட்களுக்கு முன்பு.

இடைப்பட்ட காலத்தில் பேச வாய்ப்பே இல்லாமல் போகவில்லை. 2009 ஜூனில் அரசு வல்லுநர் குழுக் கூட்டம் ஒன்றில், கி.பி. 869இல் நேர்ந்த ஜோகன் நிலநடுக்கத்தின் சுனாமிப் படிவுகளைச் சுட்டிக்காட்டி நிலவியலாளர் யுகினோபு ஒகமுரா கேள்வி எழுப்பினார். ஆனால் அக்குழுவின் முன் 15.7 என்ற எண் வைக்கப்படவில்லை. எச்சரித்த அறிஞரிடம் மண்ணடுக்குச் சான்று இருந்தது. நிறுவனத்தின் கோப்பிலோ தன் நிலையத்துக்கே உரிய கணக்கீடு இருந்தது. இரண்டும் ஒரே மேசைக்கு வந்திருந்தால் விவாதத்தின் போக்கே மாறியிருக்கும்.

முகமையும் நடுநிலையான காவலராக இருக்கவில்லை. அணுமின்சாரத்தை வளர்க்கும் பொறுப்புடைய பொருளாதார, வணிக, தொழில் அமைச்சகத்தின் கீழேயே அது இயங்கியது. டெப்கோ ஆய்வுப் பதிவுகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வந்தது 2002இல் அம்பலமாகி, நிறுவனத் தலைவரும் வாரியத் தலைவரும் பதவி விலகினர். 2003 ஏப்ரலில் அதன் 17 உலைகளும் நின்றிருந்தன. ஆயினும் மேற்பார்வையின் அமைப்பு மாறவில்லை. நீண்டநேர முழு மின்தடையைக் கணக்கில் கொள்ளத் தேவையில்லை என்ற வழிகாட்டுதல் 1990 முதல் நடப்பிலிருந்தது. 1993இல் அதை மறுபரிசீலனை செய்தபோது, அப்படியே விட்டுவிடலாம் என்பதற்கான காரணத்தை எழுதித் தருமாறு அணுப் பாதுகாப்பு ஆணையம் மின்நிறுவனங்களையே கேட்டுக்கொண்டதை நாடாளுமன்ற ஆணையம் வெளிக்கொணர்ந்தது.

2. வெளியில் சொல்லப்பட்ட அபாயம்

அபாய மதிப்பீடு பொதுவெளிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே கடற்கரையில் ஒரு சான்று உண்டு. 2007இல் இபராகி மாகாண நிர்வாகம் தன் கடலோரத்துக்கான சுனாமி மதிப்பீட்டை வெளியிட்டது. அதையொட்டி தோக்காய் இரண்டாம் நிலையத்தை இயக்கிய ஜப்பான் அணுமின் நிறுவனம், கடல்நீர் பம்புகளைக் காக்கும் சுவரை 6.1 மீட்டருக்கு உயர்த்தியது. 2011இல் அங்கு வந்த அலை ஏறத்தாழ 5.4 மீட்டர். வேலை முற்றுப்பெறாத பகுதி வழியே நீர் புகுந்து மூன்று டீசல் ஜெனரேட்டர்களில் ஒன்று பயனற்றுப்போனது. மற்ற இரண்டும் உலையைக் குளிர்வித்தன.

தோக்காயில் அலை புகுஷிமாவை விடச் சிறியது. எனவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் நடைமுறை வேறுபாடு கவனத்துக்குரியது. தோக்காயில் எண்ணை வெளியிட்டது, மின் உற்பத்தியில் ஆதாயமில்லாத ஒரு மாகாண நிர்வாகம். அது பொது ஆவணமானதும் நிறுவனம் அதற்குப் பதில் சொல்லவேண்டியதாயிற்று. புகுஷிமாவில் எண்ணை உருவாக்கியதும் வைத்துக்கொண்டதும் நிறுவனமே. பதில் சொல்லுமாறு கேட்க வெளியில் எவருக்கும் வழியில்லை.

3. விபத்து நாட்களின் மௌனம்

விபத்துக்கு முன்பிருந்த பழக்கம் விபத்தின்போதும் தொடர்ந்தது. மார்ச் 12 அன்று உலைக்கரு உருகியிருக்கலாம் என்று செய்தியாளர்களிடம் சொன்ன முகமையின் செய்தித் தொடர்பாளர் அப்பணியிலிருந்து மாற்றப்பட்டார். உருகலை டெப்கோ ஒப்புக்கொண்டது மே மாதத்தில்தான். உலைக்கருவில் 5 விழுக்காட்டுக்கு மேல் சேதமானால் உருகல் என அறிவிக்க வேண்டும் என்ற விதி தன் கையேட்டிலேயே இருந்ததை அந்நிறுவனம் 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. அவ்விதிப்படி மார்ச் 14 அன்றே அறிவித்திருக்க வேண்டும். அன்றைய நிறுவனத் தலைவர் மசாத்தாக்கா ஷிமிசு அதைப் பேசவேண்டாம் எனத் தம் அலுவலருக்கு உத்தரவிட்டதை நிறுவனம் நியமித்த குழு அவ்வாண்டு ஜூனில் உறுதிசெய்தது. இது மூடிமறைப்பே எனப் பின்வந்த தலைவர் நவோமி ஹிரோசே மன்னிப்புக் கேட்டார்.

கதிரியக்கப் பரவலை முன்கணிக்கும் ஸ்பீடி கணினி அமைப்பின் கதை இன்னும் கடுமையானது. நமியே நகர மக்கள் பலர் வடமேற்கே சுஷிமா பகுதியில் தங்கினர். கதிரியக்க மேகமும் அத்திசையிலேயே சென்றது. ஸ்பீடி முடிவுகள் அமெரிக்கப் படையினருக்கு மார்ச் 14 அன்றே தரப்பட்டன. ஜப்பானிய மக்களுக்கு முதன்முதலாக மார்ச் 23 அன்று வெளியிடப்பட்டன. உலையிலிருந்து வெளியேறிய அளவு தெரியாததால் அக்கணிப்புகள் நம்பத்தக்கவை அல்ல என்று அதிகாரிகள் வாதிட்டனர். தொடக்க வெளியேற்றத்துக்கு அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை நாடாளுமன்ற ஆணையமும் ஏற்றது. ஆனால் வேற்றுநாட்டுப் படைக்குப் பயன்படும் எனக் கருதப்பட்ட தகவல் நமியே மக்களுக்கு மட்டும் எப்படிப் பயனற்றதாகும்? நிச்சயமற்ற தகவலை நிச்சயமற்றது என்று சொல்லியே தரலாம். பீதியைத் தவிர்க்கவே மறைத்தோம் என்பது, மக்களைத் தீர்மானிக்கும் திறனற்றவர்களாகக் கருதும் வாதம்.

பிரதமர் தலைமையிலான அணு அவசரநிலைத் தலைமையகம் தன் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பே எழுதவில்லை என்பது 2012 ஜனவரியில் தெரியவந்தது. எந்த முடிவை யார் எடுத்தார் என்பதைப் பிற்பாடு கேட்கும் உரிமை அங்கேயே பாதி பறிபோயிற்று.

4. பண்பாட்டைக் குற்றவாளியாக்குதல்

2012 ஜூலையில் வெளிவந்த நாடாளுமன்ற ஆணையத்தின் அறிக்கை, இது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தயங்காமல் சொன்னது. ஒழுங்குமுறை அமைப்பு நிறுவனத்தின் பிடியில் இருந்ததைச் சான்றுகளுடன் நிறுவியது. எனினும் அதன் ஆங்கிலப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் தலைவர் கியோஷி குரோகாவா, கீழ்ப்படிதல், குழு மனப்பான்மை, அதிகாரத்தைக் கேள்வி கேட்கத் தயங்குதல் ஆகிய ஜப்பானியப் பழக்கங்களே விபத்தின் வேர் என்றார். வேறு ஜப்பானியர் அப்பதவிகளில் இருந்திருந்தாலும் விளைவு இதுவாகவே இருந்திருக்கலாம் என்பதும் அவர் கருத்து.

இவ்வாதம் ஜப்பானுக்கு உள்ளேயும் வெளியேயும் கண்டிக்கப்பட்டது, கண்டனம் சரியானதே. ஒனகாவா அணுமின் நிலையமும் ஜப்பானியர் கட்டியதே. அதன் வளாகத்தை 14.8 மீட்டர் உயரத்தில் அமைக்க வேண்டுமென்ற பொறியாளர் யானோசுகே ஹிராயின் வற்புறுத்தலைத் தோஹோகு மின்நிறுவனம் ஏற்றது. ஏறத்தாழ 13 மீட்டர் அலையை அந்நிலையம் தாங்கி நின்றது. ஒரே பண்பாட்டில் இருவேறு முடிவுகள் எடுக்கப்பட்டிருக்கையில் வேறுபாட்டுக்குக் காரணம் பண்பாடாக இருக்க முடியாது. எல்லாரையும் குற்றவாளியாக்கும் விளக்கம் 2008 ஜூலை 31 கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாக்கி விடுகிறது.

5. நீதிமன்றங்கள் கேட்ட கேள்வி

அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் வழக்குத் தொடுக்க மறுத்தனர். குடிமக்களைக் கொண்ட மறுஆய்வுக் குழுவே 2015இல் வழக்கைக் கட்டாயமாக்கியது. முன்னாள் வாரியத் தலைவர் சுனெஹிசா கட்சுமாதா, இச்சிரோ தாகெகுரோ, சக்காயே முத்தோ ஆகிய மூவரையும் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2019 செப்டம்பரில் விடுவித்தது. நிலையத்தையே நிறுத்தும் அளவுக்கு அபாயம் உறுதியாக முன்னறியத்தக்கதாக இல்லை என்பது காரணம். அரசுக்கு எதிரான உரிமையியல் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அரசு பொறுப்பல்ல என்றது. கணக்கிட்டதை விட வந்த அலை பெரியது, வேறு திசையிலிருந்தும் வந்தது, ஆகவே உத்தரவிட்டுச் சுவர் எழுப்பியிருந்தாலும் விபத்து நேர்ந்திருக்கும் என்பது வாதம். நீதிபதி மமோரு மியுரா இதை மறுத்து எழுதினார்.

பெரும்பான்மையின் பொறியியல் சரியாகவே இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அதன் விளைவு விபரீதமானது. அபாயத்தை அரைகுறையாக ஆராய்ந்து ஒன்றும் செய்யாமல் இருப்பவர், இயற்கை தம் கணக்கை மீறிவிட்டால் காப்பாற்றப்படுகிறார். குற்றவியல் தீர்ப்பிலும் அதே சிக்கல்தான். அறிவு போதாது என்பது தற்காப்பு. அறிவை முழுமையாக்கும் பொது விவாதத்தைத் தடுத்தவரே அத்தற்காப்பைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

தனிநபர் பொறுப்புக்கு மிக அருகில் வந்தது பங்குதாரர்கள் தொடுத்த வழக்கு. 2022 ஜூலையில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் முன்னாள் அதிகாரிகள் நால்வர் 13 லட்சம் கோடி யென்னுக்கும் மேல் செலுத்துமாறு ஆணையிட்டது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. இவ்வழக்கில் இழப்பீடு சேரவேண்டியது நிறுவனத்துக்கு. மீறப்பட்டதாகச் சொல்லப்பட்டது நிறுவனத்துக்கான கடமை. வீடிழந்தவர்களுக்கு 1961ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தவறு நிரூபிக்கப்படாமலே நிறுவனத்திடமிருந்து பணம் பெற வழி தருகிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் தவறு செய்தது யார் என்ற கேள்வியை அது கேட்பதில்லை.

6. அறிவிக்கும் கடமை

நிறுவனத்தின் நிதிநிலையைப் பாதிக்கும் முக்கியத் தகவலை முதலீட்டாளரிடம் மறைப்பது, நிறுவனம் திவாலானாலும் ஆகாவிட்டாலும் தவறு. முதலீட்டுக்குக் கிடைக்கும் இப்பாதுகாப்பு உயிருக்கும் நிலத்துக்கும் கிடைக்காததற்கு நியாயமில்லை. உலையின் வடிவமைப்பு வரம்பை மீறும் எந்தக் கணக்கீடும் குறித்த காலத்துக்குள் ஒழுங்குமுறை அமைப்புக்கும் சுற்றுவட்டார உள்ளாட்சிகளுக்கும் தரப்படவேண்டும். தராமை, விபத்து நேராவிட்டாலும் தனிக் குற்றமாக வேண்டும். அப்போது முன்னறிதல், காரணத் தொடர்பு என்ற இரு தடைகளும் குறுக்கே நிற்கா. எண் எந்த நாளில் கையில் இருந்தது, எந்த நாளில் வெளியே வந்தது என்ற இரண்டு தேதிகளே போதும். இவ்விதி சுனாமியைத் தடுக்கும் என்று இக்கட்டுரை வாதிடவில்லை. முடிவெடுப்பவர் எவர் என்பதை அது மாற்றும்.

புகுஷிமாவுக்குப் பின் கூடங்குளத்தில் எழுந்த கேள்வியும் இதுவே. 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் அந்நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் வெளியிட ஆணையிட்டது. இந்திய அணுமின் கழகம் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தர மறுத்து நீதிமன்றம் சென்றது. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபடுவோரும் இவ்வொரு கோரிக்கையில் உடன்படலாம்.

2012 செப்டம்பரில் ஜப்பான் பழைய முகமையைக் கலைத்துப் புதிய அணு ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. அமைப்பு மாறியது நல்லதே. ஆனால் 15.7 மீட்டர் என்ற எண்ணை இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகக் கோப்புக்குள் வைத்திருந்ததற்காக எந்த நீதிமன்றமும் எவரையும் இறுதியாகப் பொறுப்பாக்கவில்லை. அந்த மௌனம் தனிக் குற்றமாகாத வரை, விசாரணை அறிக்கைகள் எத்தனை வந்தாலும் பொறுப்புடைமை வெறும் சொல்லே.