கிராமத்து இதயமும் நான்காவது வால்வும்: ஒரு சிறிய வரலாறு

நெஞ்சு வலிக்கிறது என்றால் கிராமத்தில் முதலில் வரும் பதில், "வாயுவா இருக்கும், ஒரு சோடா குடி" என்பதுதான். பல நேரம் அது வாயுவாகவே இருக்கும். ஆனால் எல்லா நேரமும் அல்ல!

புதுவையின் நெட்டப்பாக்கம் கொம்யூனில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கும் ஊர் மடுகரை. இங்குள்ளவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோரிமேட்டு ஜிப்மர்தான். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அதன் வேர். 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1964-ல் அது ஜிப்மர் ஆனது. 2008-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற தகுதியும் கிடைத்தது.

தொண்டையில் ஆரம்பிக்கும் இதய நோய்

இதய நோய் என்றால் பணக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் வருவது என்று நினைக்கிறோம். ஏழைப் பிள்ளைகளைத் தேடி வரும் இதய நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் ருமாட்டிக் இதய நோய். ஒரு வகை பாக்டீரியாவால் குழந்தைக்குத் தொண்டை வலி வருகிறது. சரியாக மருந்து கொடுக்காவிட்டால் சிலருக்குப் பிறகு மூட்டு வீங்கி, காய்ச்சல் வருகிறது. அதுவும் போய்விடும். ஆனால் இதயத்தின் வால்வு கெட்டுப்போகும். பல வருடம் கழித்து, தண்ணீர்க் குடம் தூக்கினாலே மூச்சு வாங்கும்போதுதான் விஷயம் தெரியும்.

ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்க, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போதும். ஆனால் அதைப் பல வருடங்கள் விடாமல் போட வேண்டும்.

மூன்று முறை தோற்ற கதை

வால்வு முழுதும் கெட்டுவிட்டால் செயற்கை வால்வுதான் வழி. வெளிநாட்டு வால்வின் விலை சாதாரண மக்களுக்கு எட்டாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் குழுவினர் உள்நாட்டிலேயே ஒரு வால்வு செய்ய முயன்றார்கள். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. நான்காவது வென்றது! 1990 டிசம்பர் 6 அன்று அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பிறகு சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து, குறைந்த விலையில் விற்றது.

ஆளுக்கு ஒரு அளவு

வால்வு வைத்தவுடன் கதை முடியவில்லை. அதில் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியான அளவு இவருக்குச் சரியாக இருக்காது. குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் ரத்தக் கசிவு. திடீரென்று தினமும் கீரை சாப்பிட ஆரம்பித்தால்கூட மருந்தின் வேலை குறையும். கர்ப்பம் தரிக்க விரும்பும் பெண்ணுக்குச் சிகிச்சை முறையையே யோசித்து மாற்ற வேண்டும். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை. இதய மருத்துவத்தில் 'தனி மனிதருக்கேற்ற சிகிச்சை' என்பது இதுதான்.

மாரடைப்பும் நேரமும்

மாரடைப்பு வேறு கதை. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது. 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்தார். அதன் பிறகு ஆஞ்சியோபிளாஸ்டி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி என்று எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: நேரம். முதல் சில மணி நேரம் போய்விட்டால் இதயத் தசை செத்துவிடும், திரும்பி வராது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வெறும் வியர்வை, மூச்சுத் திணறலோடும் மாரடைப்பு வரலாம்.

இத்தனை பேர் இத்தனை வருடம் உழைத்துக் கொண்டுவந்த மருத்துவம் இன்று பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. வாயுவா, மாரடைப்பா என்பதை ஒரு ஈ.சி.ஜி.யும் டாக்டரும் பார்த்துச் சொல்லட்டும். சோடாவை அப்புறம் குடிக்கலாம்!