ரம்மி வழக்கும் கோவா கப்பலும்: போக்கரில் திறமைக்கு எவ்வளவு நேரம்?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் தினமும் போய்வருபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சிப்காட்டில் ஷிப்டு முடிந்து ஏறும் நாலு பேர், முழங்கால்மேல் பேப்பரை விரித்து ரம்மி போடுவார்கள். போன மாதம் அந்த ஆட்டத்திலிருந்து ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, போனஸ்ல ஆளுக்கு அஞ்சாயிரம் ஒதுக்கி கோவா போறோம். கேசினோல சின்ன போக்கர் டோர்னமென்ட் இருக்காம். நீங்கதான் பழைய கேஸெல்லாம் படிக்கிறீங்களே, எப்படி ஆடணும்னு சொல்லுங்க."

பழைய வழக்குக்கும் போக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சிரித்தேன். சம்பந்தம் இருக்கிறது.

முதலில், ஏன் கோவா? நம் பக்கம் கேசினோ கிடையாது. சென்னை நகருக்கு 1888-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம், வெளி மாவட்டங்களுக்கு 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் என்று தடை நெடுங்காலமாக இருக்கிறது. கோவாவிலோ 1976-ஆம் ஆண்டின் சூதாட்டத் தடைச் சட்டத்தையே 1992-லும் 1996-லும் திருத்தினார்கள். முதல் திருத்தம் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திர ஆட்டத்துக்கு வழிவிட்டது. இரண்டாவது திருத்தம் கப்பல்களுக்கு வழிவிட்டது. பணஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்கள் அப்படி வந்தவைதான்.

இப்போது நம்ம ரம்மி வழக்கு. 1963-ல் செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் போலீஸ் புகுந்தது. உள்ளே பணம் வைத்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ரம்மி மூணு சீட்டு மாதிரி இல்லை. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வரியும் உண்டு. ஆட்டத்திலிருந்து கிளப் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்பது அதன் சாரம். முதல் பாதியை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள், இரண்டாவதை மறந்துவிடுவார்கள்.

அந்த முதல் பாதியின் வழியேதான் போக்கரும் வந்தது. 2021-ல் தமிழக அரசு கொண்டுவந்த ஆன்லைன் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டிலேயே ரத்து செய்தது. அடுத்து 2023-ல் அமலான புதிய சட்டத்தின்மீது, அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

தம்பி இதைக் கேட்டதும், "அப்போ திறமை இருந்தா ஜெயிக்கலாம்ல?" என்றான். இங்கேதான் ஒரு கணக்கு போட வேண்டும்.

சீட்டு பிரிக்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பணயத்துக்கு பிளைண்ட் என்று பெயர். கையிலிருக்கும் சிப்ஸ் தீரும்வரை ஆடும் டோர்னமென்ட் வடிவத்தை லாஸ் வேகாஸின் உலகப் போக்கர் போட்டி 1971-ல் கைக்கொண்டது. ஆட்டம் முடிய வேண்டுமே, அதற்காகத்தான் பிளைண்ட் ஏறிக்கொண்டே போகிறது. பெரிய போட்டிகளில் அது மெதுவாக ஏறும். சின்னப் போட்டியில் ராத்திரிக்குள் முடித்தாக வேண்டும், அதனால் வேகமாக ஏறும்.

உதாரணத்துக்கு 10,000 சிப்ஸ். பிளைண்ட் 100, 200-இல் தொடங்கி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி, ஆறாவது கட்டத்தில் 800, 1,600 ஆகிறது என்று வையுங்கள். அந்தக் கட்டம் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடும். டீலர் மணிக்குச் சுமார் 28 கை போட்டால், அதற்குள் நீங்கள் பார்ப்பது 35 கை. பத்துக்குக் குறையாத ஜோடியோ ஏஸ்-கிங்கோ வருவது சராசரியாக 29 கைக்கு ஒன்று. நல்ல சீட்டுக்காகக் காத்திருந்தால் ஒரே ஒரு முறைதான் வரும், வராமலும் போகும். அப்போது மேசையை ஒரு சுற்று சுற்றவே 2,400 ஆகும். உங்கள் 10,000 நாலு சுற்றுக்குத்தான் காணும்.

ஆக, ரம்மியில் ஸ்கூட் சொல்லிப் பொறுமையாக உட்காரும் பழக்கம் முதல் இரண்டு மூன்று கட்டத்துக்குத்தான் உதவும். அப்போது நல்ல சீட்டு மட்டும் ஆடுங்கள். கடைசியாகப் பேசும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் கூடுதலாக ஆடலாம். சிப்ஸ் பெரிய பிளைண்டைப்போல் பத்து மடங்குக்குக் கீழே வந்துவிட்டால் பாதிப் பந்தயம் வேண்டாம். ஒன்று எல்லாவற்றையும் வையுங்கள், இல்லையேல் சீட்டைப் போட்டுவிடுங்கள். வைப்பதானால் மற்றவர் வைப்பதற்கு முன் வையுங்கள். அவர்கள் விலகினாலும் லாபம், கூட வந்தாலும் ஜெயிக்க ஒரு வாய்ப்பு உண்டு.

இதையெல்லாம்விட முக்கியமான வேலை உட்காருவதற்கு முன்பு இருக்கிறது. மூன்றைக் கேளுங்கள்: எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறும்? கட்டும் பணத்தில் எவ்வளவு பரிசுக்கு, எவ்வளவு கேசினோவுக்கு? தோற்றவர் மறுபடி பணம் கட்டி நுழையலாமா? மூன்றாவதுக்கு "ஆமாம்" என்றால், உங்கள் அஞ்சாயிரம் பத்தாயிரம் ஆவதற்கான கதவு அதுதான். அதை வீட்டிலேயே சாத்திவிட்டுப் போங்கள்.

இரண்டாவது கேள்வி, பாருங்கள், 1967 தீர்ப்பின் மறந்துபோன பாதிதான். திறமை இருக்கிறதா என்பது சட்டத்தின் கேள்வி. திறமை வெளிப்பட நேரம் இருக்கிறதா, நடத்துகிறவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது ஆடுகிறவரின் கேள்வி.

2025 ஆகஸ்டில் மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் தடை என்று அது சொல்லிவிட்டது. 58 வருஷமாக நீதிமன்றங்கள் போட்டுவந்த கோட்டை ஒரே சட்டம் தாண்டிவிட்டது. ஆற்றில் நிற்கும் கப்பல்களை அது தொடவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு தம்பி சொன்னான்: "சரிண்ணே, அந்த மூணு கேள்வியை போன்ல எழுதிக்கிறேன்." எழுதிக்கொண்டான். மீஞ்சூர் தாண்டியதும் மறுபடி ரம்மி ஆரம்பித்தது. அங்கே பிளைண்டும் ஏறாது, கமிஷனும் கிடையாது.